மணவறை ஒன்று, கலியாணம் இரண்டு: பிபிஎம்என் வரைபடத்தில் பொதுப்பொருள் மோதினால் எங்கே பார்ப்பது

கலியாணச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் என்று வையுங்கள். 400 கதிரை, ஒரு ஜெனரேற்றர், ஒரு லொறி, ஒரே ஒரு மணவறை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைக்க மாட்டார்கள். மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் சில நாட்களில்தான் விழும். ஆகவே கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதே நாட்களைத்தான் கேட்பார்கள். இந்தக் கடையின் ஓடர் வேலையைப் பிபிஎம்என் வரைபடமாக, அதாவது வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பெட்டி, வட்டம், சாய்சதுரம் கொண்டு காட்டும் படமாகப் போட்டு, அதை வாசித்து நடத்தும் மென்பொருளான எஞ்சினில் ஓடவிட்டால், சாதாரண நாட்களில் எல்லாம் அழகாக ஓடும். முகூர்த்த நாள் நெருங்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டும்.

அடிப்படைக் காரணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பிபிஎம்என் 2.0 ஐ, கணினித் தரங்களை வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்டது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. அவ்வளவு பெரிய குறியீட்டுத் தொகுதியில், "இந்தப் பொருளை ஒரு நேரத்தில் ஒரு ஓடர்தான் வைத்திருக்கலாம்" என்று சொல்லும் குறி ஒன்றுகூட இல்லை. வரைபடம் சொல்வது ஒரு ஓடரின் கதையை. பத்து ஓடர் வந்தால் அதே கதை பத்துத் தடவை தனித்தனி இன்ஸ்டன்ஸாக, அதாவது தனித்தனி ஓட்டமாக, ஓடும். ஒவ்வொன்றுக்கும் தன் டோக்கன், அதாவது வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைக் காட்டும் குறி, மட்டும் தெரியும், பக்கத்து ஓடரின் டோக்கன் தெரியாது. ஆனால் மணவறை எல்லாக் கதைக்கும் பொது. அந்தப் பொதுப்பொருளுக்கு வரைபடத்தில் ஒரு சொந்தக்காரர் இல்லாதவரை கீழே வரும் அறிகுறிகளில் ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

தேடத் தொடங்கமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரித்து, இரண்டு நாணயங்களைத் தொடக்க வட்டத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஓடர், இரண்டும் ஒரே திகதிக்கு. ஒன்றை ஒரு அடி நகர்த்துங்கள், அப்புறம் மற்றதை ஒரு அடி. "மணவறையை லொறியில் ஏற்று" என்ற பெட்டிக்குள் இரண்டு நாணயமும் வந்து நிற்க முடிகிறதா? எந்த விதியையும் மீறாமல் முடிகிறது என்றால், எஞ்சினிலும் அது ஒரு நாள் நடக்கும். எந்த மென்பொருளும் இல்லாமலே பாதிப் பிழைகளை இந்தச் சோதனை காட்டிவிடும். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது, அவருக்கும் உடனே விளங்கும்.

அறிகுறி: ஒரே நாளுக்கு மணவறை இரண்டு வீட்டுக்கு எழுதப்பட்டுவிட்டது

"தம்பி, விடிஞ்சால் கலியாணம், மணவறை எங்கை?" என்று இரண்டு வீட்டிலிருந்தும் தொலைபேசி வருகிற நிலை இது.

முதலில் பார்க்க வேண்டியது, பெருக்கல் குறி போட்ட சாய்சதுரம். அதுதான் எக்ஸ்க்ளூசிவ் கேட்வே. ஒரு ஓடர் இரண்டு வழிகளில் எந்த வழியால் போக வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். இன்னொரு ஓடரை அது தடுக்காது. "மணவறை இருக்கிறதா?" என்ற கேள்வியை அதில் எழுதி, "ஆம்" பக்கத்தில் "மணவறையைப் பதிவு செய்" என்று வரைந்திருப்பார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கேள்விக்கும் பதிவுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. முதல் ஓடர் கேட்கிறது: இருக்கிறது. அது பதிவுக்குப் போகமுன் இரண்டாவது ஓடர் கேட்கிறது: இன்னும் இருக்கிறது. இரண்டும் பதிவு செய்கின்றன. நடுவில் "முற்பணம் வாங்கு" என்ற பெட்டி வேறு இருந்தால், அந்த இடைவெளி நாட்கணக்காக நீளும்.

சிலர் லேனை, அதாவது வரைபடத்தை ஆள்வாரியாகப் பிரிக்கும் பட்டையை, நம்புவார்கள். "மணவறைப் பொறுப்பாளர்" என்று ஒரு லேன் போட்டு, அவர் ஒருவர்தானே, ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும் என்று நினைப்பார்கள். லேன் யார் பொறுப்பு என்று மட்டும்தான் சொல்லும். ஒரே லேனுக்குள் இருபது ஓடரின் டோக்கன் ஒன்றாக நிற்கலாம், எந்த விதியும் அதைத் தடுக்காது. உருளை வடிவில் வரையும் டேட்டா ஸ்டோரும் அப்படித்தான். ஓடர் முடிந்த பிறகும் தகவல் அங்கே இருக்கும் என்பதே அதன் பொருள், அதில் பூட்டு எதுவும் இல்லை. பெட்டியின் அடியில் மூன்று கிடைக்கோடு போட்டு "ஒன்றன்பின் ஒன்றாக" என்று குறித்திருந்தால், அந்த வரிசை ஒரே ஓடருக்குள் மட்டும் செல்லும், அடுத்த ஓடரை அது தொடாது. இரட்டைக் கோட்டு விளிம்புள்ள டிரான்சாக்ஷன் உப செயன்முறையையும் (உள்ளே தன் சொந்த அடிகளைக் கொண்ட பெட்டி) தரவுத்தளப் பூட்டு என்று எண்ண வேண்டாம். ரத்தானால் முன்பு செய்ததை ஈடுசெய்யும் வழியை அது தரும், அவ்வளவுதான். "ஒரு நேரத்தில் ஒன்று" என்று பக்கத்தில் எழுதிவைக்கும் குறிப்பு மனிதருக்கு உதவும், எஞ்சின் அதை வாசிக்காது.

திருத்தம் இதுதான்: மணவறைக்கு ஒரு தனிப் பூல், அதாவது தன் சொந்தச் செயன்முறையைக் கொண்ட தனிக் கட்டம், போடுங்கள். அதைக் காப்பாளர் என்று அழைப்போம். ஓடர் பூல் காப்பாளருக்கு "இந்தத் திகதிக்கு மணவறை வேண்டும்" என்று மெசேஜ் அனுப்பும். காப்பாளர் தன் நாட்காட்டியைப் பார்த்து, காலியாக இருந்தால் அந்தக் கணமே குறித்துவிட்டு "தந்தேன்" என்று பதில் அனுப்பும், இல்லாவிட்டால் "இல்லை" என்று சொல்லும். அதன்பிறகே திரும்பிப்போய் அடுத்த மெசேஜுக்குக் காத்திருக்கும். பார்ப்பதும் குறிப்பதும் ஒரே கையில், நடுவில் வேறு யாரும் நுழைய முடியாதபடி நடப்பதால் மோதல் இல்லை. தனிப் பூல் ஏன் தேவை என்றால், மெசேஜ் கோடு ஒரே பூலுக்குள் போகக் கூடாது, இரண்டு பூலுக்கு நடுவில்தான் போகலாம். காப்பாளரை ஓடர் பூலுக்குள்ளேயே ஒரு லேனாக வைத்தால், ஓடருக்கு ஒரு காப்பாளர் பிறந்துவிடுவார்.

ஓடர் பக்கத்தில் மெசேஜ் அனுப்பியவுடன், எது முதலில் நடக்கிறதோ அந்த வழியால் அனுப்பும் ஈவென்ட் கேட்வே ஒன்றை வையுங்கள். மூன்று கிளை வேண்டும்: "தந்தேன்" வந்தால் ஒரு வழி, "இல்லை" வந்தால் ஒரு வழி, குறித்த நேரத்துக்குள் எதுவும் வராவிட்டால் டைமர் வழி. மூன்றாவது கிளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத வரைபடத்தில் ஒரு மெசேஜ் தொலைந்தால் ஓடர் சத்தமில்லாமல் அப்படியே நின்றுவிடும்.

அறிகுறி: காப்பாளரைப் போட்ட பிறகும் மோதல் வருகிறது

காப்பாளர் பூலின் தொடக்க வட்டத்தைப் பாருங்கள். அதில் கடித உறை இருந்தால், அதாவது மெசேஜ் வந்தால் தொடங்கும் வட்டமாக இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் பிழை. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு புதிய காப்பாளரைத் தொடங்கிவைக்கிறது. காப்பாளர் இரண்டு பேர் என்றால் பழைய நிலைதான். வெறும் வட்டத்தில் ஒருமுறை தொடங்கி, உள்ளே மெசேஜுக்குக் காத்திருந்து, வேலை முடித்து, திரும்ப அதே இடத்துக்கு வரும் சுற்றாக மாற்றுங்கள்.

இங்கே எந்த எஞ்சின் என்பது முக்கியமாகிறது. கமுண்டா என்பது பிபிஎம்என் எஞ்சின்களில் ஒன்று. அதன் 7ஆம் பதிப்பான கமுண்டா 7இல், காப்பாளர் காத்திருக்கும் இடத்தில் இல்லாத நேரம் மெசேஜ் வந்தால் அது சேமிக்கப்படாது, பொருத்த ஆள் இல்லை என்ற பிழை அனுப்பியவருக்கே திரும்பும். ஆகவே அனுப்பும் பக்கம் மறுபடி முயல வேண்டும். கமுண்டா 8இல் மெசேஜுக்கு ஒரு ஆயுள் கொடுத்தால் அதுவரை அது வரிசையில் காத்திருக்கும். அதோடு அங்கே மிகவும் பயனுள்ள ஒரு விதி உண்டு: மெசேஜால் தொடங்கும் வட்டத்துக்குக் கோரிலேஷன் கீ, அதாவது மெசேஜ் எதற்குரியது என்று காட்டும் அடையாளம், கொடுத்தால், அந்தக் கீக்கு ஒரு நேரத்தில் ஒரு இன்ஸ்டன்ஸ்தான் உயிரோடு இருக்கும். அது முடிந்த பிறகே அடுத்த மெசேஜ் புதிதாகத் தொடங்கும். "மணவறை" என்பதையே கீயாக வைத்தால் காப்பாளர் ஒருவர்தான் என்பதை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். மெசேஜின் ஆயுளை மட்டும் போதிய அளவுக்குக் கொடுங்கள், குறைத்தால் காத்திருந்த கோரிக்கை காலாவதியாகிவிடும்.

இவ்வளவு சிறிய கடைக்கு முடிவில்லாமல் சுற்றும் காப்பாளர் இன்ஸ்டன்ஸ் தேவையா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன். வருடக்கணக்காக ஓடும் ஒரு இன்ஸ்டன்ஸின் வரலாறு பெருத்துக்கொண்டே போகும், வரைபடத்தை மாற்றும்போது அதைப் புதிய பதிப்புக்கு நகர்த்துவதும் தொல்லை. வரைபடத்தில் காப்பாளரை உள்ளே எதுவும் காட்டாத மூடிய பூலாக வரைந்துவிட்டு, உண்மையான பூட்டைத் தரவுத்தளத்திடம் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று ஒன்று உண்டு. ஒரே பொருளுக்கு ஒன்றோடொன்று மேற்படியும் இரண்டு கால இடைவெளிகளை அது உள்ளே விடாது. பதிவு செய்யும் பெட்டி முதலில் கேட்டுப் பார்க்காது, நேரடியாக எழுத முயலும். தரவுத்தளம் மறுத்தால் பெட்டியின் விளிம்பில் உள்ள பிழை நிகழ்வு "வேறு நாள் கேள்" என்ற வழிக்கு அனுப்பும். வாசிக்கிறவருக்கு யார் சொந்தக்காரர் என்று படம் சொல்லும், மோதலைத் தரவுத்தளம் தடுக்கும்.

அறிகுறி: மணவறை கடையிலேயே சும்மா நிற்கிறது, வரைபடம் "இல்லை" என்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

பொதுவான காரணம், திருப்பித் தருகிற மெசேஜ் நல்ல வழியில் மட்டும் இருப்பது. கலியாணம் முடிந்து, லொறி திரும்பி வந்து, கணக்கு முடிந்தால் "விடுவி" போகும். ஆனால் வாடிக்கையாளர் நடுவில் ரத்து செய்தால்? வீட்டில் துக்கம் நேர்ந்து கலியாணம் தள்ளிப்போனால்? அந்த வழிகள் எல்லாம் "விடுவி"யைத் தொடாமல் முடிவு வட்டத்துக்கு ஓடிவிடும், காப்பாளர் என்றைக்குமாகக் காத்திருப்பார். பெறுவதற்கும் விடுவிப்பதற்கும் நடுவில் உள்ள வேலை முழுவதையும் ஒரு உப செயன்முறைக்குள் வையுங்கள். பிழை, ரத்து மெசேஜ் என்று அதன் விளிம்பில் உள்ள ஒவ்வொரு நிகழ்விலிருந்தும் வரும் கோடு "விடுவி" பெட்டியைக் கடந்தே போக வேண்டும். வரைந்த பிறகு ஒவ்வொரு முடிவு வட்டத்திலிருந்தும் பின்னோக்கி விரலை வைத்துப் பாருங்கள். "விடுவி"யைத் தொடாமல் "தந்தேன்" வரை போக முடிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தும் டெர்மினேட் வட்டத்தில் தனிக் கவனம் வேண்டும். அது பக்கத்துக் கிளையில் விடுவிக்கப் போய்க்கொண்டிருந்த டோக்கனையும் சேர்த்து அழித்துவிடும்.

இரண்டாவது காரணம், வெகு சீக்கிரமே பெற்றுக்கொள்வது. விலை கேட்டவுடனேயே மணவறையைப் பூட்டினால், "வீட்டில் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று போனவர் திரும்பி வரும்வரை அது பூட்டியே இருக்கும். முற்பணம் கிடைக்கும்வரை தற்காலிகப் பிடிப்பு, கிடைத்த பிறகு உறுதிப் பதிவு என்று இரண்டாகப் பிரியுங்கள். தற்காலிகப் பிடிப்புக்கு ஒரு டைமர் போதும், நேரம் முடிந்தால் தானாக விடுபடட்டும்.

மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எதைப் பூட்டுகிறீர்கள்? மணவறையையா, இந்தத் திகதிக்குரிய மணவறையையா? தைக் கலியாணத்துக்குப் பதிவானதால் ஐப்பசிக் கலியாணம் தடுக்கப்பட்டால், பூட்டு தேவைக்கு மேல் பெரிது. அதற்காகத் திகதியை மட்டும் வைத்துக்கொண்டால் பூட்டு தேவைக்குச் சிறிதாகிவிடும். முதல் நாள் மாலை மணவறை புறப்பட வேண்டும், கலியாணத்தன்று இரவு கழற்ற வேண்டும், பருத்தித்துறையிலிருந்து கொண்டுவந்து துடைத்து அடுக்க வேண்டும். ஆகவே பூட்ட வேண்டியது ஒரு கால இடைவெளி: கடையை விட்டுப் புறப்படும் நேரத்திலிருந்து மறுபடி ஏற்றத் தயாராகும் நேரம் வரை. முகூர்த்த நேரத்தை மட்டும் பார்த்துப் பூட்டிய வரைபடத்தில், படம் முழுவதும் சரியாக இருந்தும், அடுத்தடுத்த நாள் கலியாணங்கள் மோதும்.

அறிகுறி: நேரம் முடிந்தது என்று விடுவித்தது, ஆனால் பொருள் இன்னும் வெளியில்

கணினிப் பூட்டுக்குக் காலக்கெடு வைப்பது நல்ல பழக்கம். நிஜப் பொருளுக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது. டைமர் அடித்ததால் மணவறை கடைக்கு நடந்து வராது. கையில் கொடுத்துவிட்ட பொருளுக்கு, வேலையை நிறுத்தாத வகை டைமரை, அதாவது விளிம்பு விட்டுவிட்டு வரைந்த வட்டத்தை, வையுங்கள். அது ஒரு மனிதருக்கு "போய்ப் பார்" என்று ஒரு வேலை கொடுக்கட்டும். விடுவிப்பது, பொருளைக் கண்ணால் கண்ட ஆளின் வேலை.

அதோடு தாமதமாக வரும் "விடுவி" மெசேஜையும் கவனியுங்கள். பழைய ஓடரின் தற்காலிகப் பிடிப்பு காலாவதியாகி, புதிய ஓடருக்குக் கொடுத்த பிறகு, பழையது "விடுவி" அனுப்பினால் காப்பாளர் புதியவரின் பதிவை அழித்துவிடக்கூடும். ஒவ்வொரு "தந்தேன்"னுடனும் ஏறுவரிசையில் ஒரு எண் கொடுத்து, விடுவிக்கும்போது அதே எண்ணைக் கேளுங்கள். பொருந்தாவிட்டால் அந்த மெசேஜைப் புறக்கணிக்கலாம்.

அறிகுறி: ஒன்று விடுபட்டதும் காத்திருந்த எல்லாரும் ஒன்றாகப் பாய்கிறார்கள்

முக்கோணம் வரைந்த வட்டம் இருக்கிறதா? அது சிக்னல். சிக்னல் காத்திருக்கும் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் ஒன்றாகப் போகும். ஒரு ஜெனரேற்றர் திரும்பியதற்கு ஏழு ஓடர் எழும்பிவிடும். மாறாக, அந்த நேரம் யாரும் காத்திருக்காவிட்டால் சிக்னல் காற்றோடு போய்விடும், ஒரு கணம் பிந்தி வந்தவர் முடிவில்லாமல் நிற்பார். வரிசையைக் காப்பாளரே வைத்துக்கொண்டு, முதலில் நிற்பவருக்கு மட்டும் அவர் ஓடர் எண்ணோடு மெசேஜ் அனுப்பட்டும். கண்டிஷன் வட்டத்தால் "காலியானால் எழும்பு" என்று வரைந்திருந்தாலும் இதே நோய், இதே மருந்து.

அறிகுறி: இரண்டு ஓடர் அசையாமல் நிற்கின்றன, பிழை எதுவும் வரவில்லை

ஒரு ஓடர் லொறியை வைத்துக்கொண்டு ஜெனரேற்றருக்குக் காத்திருக்கிறது. மற்றது ஜெனரேற்றரை வைத்துக்கொண்டு லொறிக்குக் காத்திருக்கிறது. எஞ்சினுக்கு இரண்டும் ஒழுங்காகக் காத்திருக்கும் ஓடர்கள்தான், ஆகவே பதிவேட்டில் ஒன்றும் தெரியாது. 1971இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூன்று கணினி அறிஞர்களும், இப்படி முட்டி நிற்பதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதினார்கள்: பொருளை ஒருவர்தான் வைத்திருக்க முடியும், வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார், பறிக்க முடியாது, காத்திருப்பு வட்டமாகிறது. இதில் ஒன்றை உடைத்தால் போதும்.

வரைபடத்தில் உடைக்க எளிதானது கடைசி நிபந்தனை. கடையில் எல்லாருக்கும் ஒரே வரிசை: முதலில் மணவறை, அப்புறம் ஜெனரேற்றர், கடைசியில் லொறி. எந்த வரைபடமும் இந்த வரிசையை மாற்றிக் கேட்கக் கூடாது. வழக்கமாகப் பிழை ஒளிந்திருக்கும் இடம் கூட்டல் குறி போட்ட சாய்சதுரம். நேரம் மிச்சப்படும் என்று மேல் கிளையில் லொறியும் கீழ்க் கிளையில் ஜெனரேற்றரும் ஒன்றாகக் கேட்டிருப்பார்கள். எந்தக் கிளை முதலில் ஓடும் என்று நிச்சயமில்லை, ஆகவே வரிசையும் இல்லை. அந்த இணைக் கிளைகளை நேர்கோடாக்குங்கள். அதைவிட நல்லது, மூன்று பொருளுக்கும் ஒரே காப்பாளரை வைத்து, "மூன்றும் சேர்த்துத் தா, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்று ஒரே மெசேஜில் கேட்பது.

நாளுக்கு ஒரு பூட்டு என்று வரைந்தவர்களுக்கு இதே சிக்கல் நீண்ட பதிவுகளில் வரும். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஒரு தண்ணீர்ப் பந்தல்காரர் அந்த 25 நாளுக்கும் ஜெனரேற்றர் கேட்டால் 25 பூட்டுகளைப் பெற வேண்டும். நடுவில் இன்னொருவர் பின்னிலிருந்து முன்னாகக் கேட்டுக்கொண்டு வந்தால் இருவரும் முட்டி நிற்பார்கள். எப்போதும் முந்திய திகதியிலிருந்து பிந்திய திகதிக்குக் கேட்கச் செய்தால் தீர்ந்துவிடும்.

ஒரே ஓடர் தனியாக நின்றால் வேறு காரணம். பெரிய செயன்முறை லொறியைப் பெற்றுவிட்டு, "சாமான் ஏற்று" என்ற இன்னொரு செயன்முறையை அழைக்கிறது, அதுவும் லொறியைக் கேட்கிறது. தான் வைத்திருப்பதற்குத் தானே காத்திருக்கிறது. ஓடர் எண்ணைக் காப்பாளரிடம் கொடுங்கள், அதே எண் மறுபடி கேட்டால் உடனே "தந்தேன்" சொல்லட்டும்.

அறிகுறி: எஞ்சின் பதிவேட்டில் ஒப்டிமிஸ்டிக் லொக்கிங் பிழைகள்

ஒரே பதிவை இரண்டு வேலைகள் ஒன்றாக மாற்ற முயன்றதைக் கண்டு எஞ்சின் சொல்லும் பிழை இது, பெரும்பாலும் நோயல்ல. ஒரே ஓடரின் இரண்டு கிளைகள் ஒரே கணத்தில் சேரும் இடத்துக்கு வந்தால் கமுண்டா 7 ஒன்றை ஏற்று மற்றதைப் பின்வாங்கச் செய்யும், அது பின்னணி வேலையாக இருந்தால் தானே மறுபடி ஓட்டும். அந்தப் பெட்டி வெளி உலகத்துக்கு ஏதாவது அனுப்புகிறதா என்று மட்டும் பாருங்கள். மறுபடி ஓடும்போது வாடிக்கையாளருக்கு இரண்டாவது குறுஞ்செய்தி போகும். பெட்டியில் உள்ள "எக்ஸ்க்ளூசிவ்" தெரிவை மணவறைக்குப் பூட்டாக நம்பாதீர்கள். அது ஒரே இன்ஸ்டன்ஸின் பின்னணி வேலைகள் ஒன்றாக ஓடாமல் தடுப்பது, அடுத்த ஓடருக்கு அது பொருந்தாது.

அறிகுறி: கதிரை நிறைய இருக்கிறது, ஆனாலும் ஓடர்கள் வரிசையில் நிற்கின்றன

மணவறைக்குச் செய்ததையே கதிரைக்கும் செய்திருப்பீர்கள். 400 கதிரைக்கு ஒரே பூட்டு என்றால், 50 கதிரை கேட்டவருக்காக 100 கேட்டவர் காத்திருக்க நேரும். இங்கே வேண்டியது எண்ணிக்கை. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் தந்த செமஃபோர் இதுதான்: மீதி எவ்வளவு என்று ஒரு எண், எடுத்தால் குறையும், திரும்பினால் கூடும், கேட்ட அளவு இல்லாவிட்டால் காத்திருப்பு. டோக்கனைப் புள்ளியாகக் காட்டும் பெட்ரி வலை என்ற படமுறையில் வரைந்தால் ஒரு வட்டத்துக்குள் 400 புள்ளிகள். பிபிஎம்என்னில் காப்பாளரின் நாட்காட்டியில் "ஆம், இல்லை" இருந்த இடத்தில் அந்த இடைவெளிக்கு மீதியுள்ள எண்ணை வையுங்கள். பார்ப்பதும் குறைப்பதும் ஒரே கையில் என்ற விதி இங்கேயும் மாறாது. திரும்பி வந்த கதிரைகளை எண்ணி, வந்த அளவை மட்டும் கூட்டுங்கள். போன அளவையே கூட்டினால், உடைந்ததும் தொலைந்ததும் கணக்கில் கதிரையாகவே இருக்கும், ஒரு முகூர்த்த நாளில் இல்லாத கதிரைக்கு ஓடர் ஏற்றுக்கொள்வீர்கள்.